தசரா ஊர்வலத்தன்று ஆறாம் அறை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, ஸ்விட்சுகளில் விலான் அமைப்பது பற்றி ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். சரி என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். கட்டளைகள் எல்லாம் உங்கள் விரல் நுனியில் இருக்கின்றன. மறந்துபோனால் தேடினால் கிடைக்கும். ஓய்வு பெற்று வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் நான் அதையே மறுபடி சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். ஆகவே எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் எதுவும் வேலை செய்யவில்லை, ஏன் என்று சத்தியமாகப் புரியவில்லை, பின்னால் நாலு பேர் நின்று உங்கள் பிடரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது என்ன செய்வது?

நான் அன்று கெட்டிக்காரத்தனமாக எதையும் செய்துவிடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு பலர் என்னைப் பாராட்டினார்கள், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த மதியம் முழுக்க நான் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவள் மாதிரிதான் இருந்தேன்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். பழைய கட்டடம் ஒன்று, புதிய கட்டடம் ஒன்று, முதல் மாடியில் இரண்டையும் இணைக்கும் நடைபாலம். ஒவ்வொரு கட்டடத்திலும் கருவிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி ஒன்று. இரண்டுக்கும் நடுவே பாலத்தின் கூரையை ஒட்டி ஒரே ஒரு மஞ்சள் கேபிள். முன்பெல்லாம் அங்கே எல்லாக் கருவிகளும் ஒரே வலையில் கலந்து கிடந்தன. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போனில் படம் பார்த்தால் பில் கவுன்டர் திணறும், வார்டு மானிட்டர் விக்கும். எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். நான்தான் போய்ப் பிரித்துக் கொடுத்தேன். இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர்களுக்கு ஒரு விலான், அதாவது ஒரு தனி வலை, பில்லுக்கு ஒன்று, டெலிபோனுக்கு ஒன்று, வந்துபோகிறவர்களின் வைஃபைக்கு ஒன்று.

உங்களில் நேற்றுத்தான் சேர்ந்தவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சில் கேபிள் செருகும் துளைகளைப் போர்ட் என்கிறோம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். விலான் போட்ட பிறகு அவை ஒன்றல்ல. இது மானிட்டருக்கு, அது வைஃபைக்கு என்று உள்ளே ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருப்போம். ஒரு எண்ணில் இருக்கும் கருவி மற்றோர் எண்ணில் இருப்பதோடு பேசாது. கடைசிப் போர்ட் மட்டும் விசேஷம். அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டிய எல்லா எண்களும் அந்த ஒரு போர்ட் வழியாகத்தான் போகும். அதைத்தான் டிரங்க் என்கிறோம். மஞ்சள் கேபிளின் இரண்டு முனைகளையும் அப்படிப்பட்ட கடைசிப் போர்ட்டுகளில்தான் செருகியிருந்தேன். வேலை முடிந்து, நன்றாக ஓடி, நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

அப்புறம் ஒரு விஜயதசமி அன்று மதியம் ஸ்டெல்லா சிஸ்டர் போன் செய்தார். மானிட்டர்கள் இருந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். அதட்டாமலே அதட்டுகிற குரல்.

"மேடம், என் ஸ்க்ரீன்ல ரெண்டு பேர்தான் தெரியறாங்க. மிச்சம் நாலு பேரக் காணோம்."

"நாலு பேரக் காணோமா?"

"ஆளுங்க பெட்லதான் இருக்காங்க. கோடுதான் காணோம். வர்றீங்களா?"

அந்த வார்டில் ஆறு தனி அறைகள். மூன்று புதிய கட்டடத்தில், நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில். மற்ற மூன்றும் பாலத்தைத் தாண்டிப் பழைய கட்டடத்தில். மேஜையில் உட்கார்ந்தால் அந்தக் கடைசி மூன்று அறைகளின் கதவுகூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆறு அறைகளிலும் நோயாளிக்கு மாட்டிய மானிட்டர்கள் மேஜைமேல் இருக்கும் பெரிய திரைக்குத் துடிப்பை அனுப்பும். ஏதாவது கோளாறு என்றால் அங்கே மணி அடிக்கும். பண்டிகையை முன்னிட்டு ஆபரேஷன்களைத் தள்ளிவைத்து அந்த வார்டை மூடி வைத்திருந்தார்கள். அன்று ஊர்வலக் கூட்டத்தில் மயங்கியவர்கள், விழுந்தவர்கள் என்று வந்துகொண்டே இருக்கவும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் வேண்டும் என்று, தேறி வந்த ஆறு பேரை மதியம் இங்கே மாற்றிவிட்டார்கள். பணியில் இருந்தது ஸ்டெல்லா சிஸ்டரும் இன்னொரு நர்ஸும் மட்டும். மற்றவர்கள் விடுப்பில், அல்லது ஊர்வலத் தடுப்புகளுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு.

எனக்கு வீடு அக்ரஹாரத்தில். ஊர்வல நாளில் ஆட்டோவாவது, ஸ்கூட்டராவது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டிவைத்திருந்த சந்துகளை எல்லாம் சுற்றிக்கொண்டு, பீப்பி ஊதும் பிள்ளைகளுக்கும் பஞ்சுமிட்டாய்க்காரர்களுக்கும் நடுவே லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதே மனதில் தீர்மானம் செய்துவிட்டேன், பாலத்துக் கேபிளை எலி கடித்திருக்கும் என்று. நம் தொழிலில் இது ஒரு வியாதி. இடத்தைப் பார்க்குமுன்பே காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவோம்.

மாடியில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் போனில் ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பையைப் பார்த்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் எழுந்து வந்தார்.

"ஏனுங்கம்மணி, இந்த ஒயர் வேலை பாக்கறவங்க நீங்கதானுங்களா? இன்னைக்கி வைஃபை அருமையா எடுக்குதுங்க. ஆனை அம்பாரியெல்லாம் பக்கத்துல நின்னு பாக்கறாப்பல இருக்குதுங்க."

பேச்சைக் கேட்டதுமே நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. "எந்த ஊருங்க?" என்றேன்.

"ஹனூருங்க. பேரு மாதப்பன். எம்பட ஊட்டுக்காரி பழனியம்மா அந்தக் கடேசி ரூம்ல இருக்கறா. ஆறாம் நம்பரு. உள்ளார உக்காரப்படாதுன்னு சொல்லிப்போட்டாங்க. அவங்களே பெரிய பொட்டியில பாத்துக்குவாங்களாமுங்க."

நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். அந்தப் பெரிய பெட்டியில் அவர் மனைவி தெரியவில்லை என்பதற்காகத்தான் நான் வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதைவிட, வைஃபை அருமையாக எடுக்கிறது என்ற சொல் என்னை உறுத்தியது. வைஃபையும் அதே மஞ்சள் கேபிள் வழியாகத்தான் பாலத்தைக் கடக்கிறது. எலி கடித்திருந்தால் வைஃபையும் அல்லவா போயிருக்க வேண்டும்?

ஸ்டெல்லா சிஸ்டரின் திரையில் ஒன்றாம் அறையும் மூன்றாம் அறையும் ஒழுங்காகத் தெரிந்தன. இரண்டாம் அறை இல்லை. அது அடுத்த சுவருக்குப் பின்னால் இருப்பது. அதற்கும் பாலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நாலு, ஐந்து, ஆறு மூன்றுமே இல்லை.

"முழுசாப் போயிருந்தாக்கூடப் பரவால்ல மேடம்," என்றார் சிஸ்டர். "ரெண்டு கோடு ஓடுதில்ல, தூரத்துல இருந்து பாக்கறவங்க எல்லாம் ஓடுதுன்னே நெனச்சுக்கறாங்க."

மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தேன். ஸ்விட்சின் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலிருந்து கட்டித் தொங்கவிட்ட சாமந்தி மாலை ஸ்விட்சின் இடது பாதியை மூடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் ஆயுத பூஜை. மைசூரில் அன்றைக்குக் குங்குமம் வைக்காத இயந்திரம் உண்டா? நானும் பழக்கத்தில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உள்ளே கேபிள்கள் எல்லாம் எண்ணெய் வைத்து வாரினாற்போல் நேராக, நிறம் நிறமாகக் கட்டியிருந்தன. பரவாயில்லையே, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அக்கறை வந்துவிட்டதே என்று நினைத்தேன். சாமிக்குப் போட்ட மாலையைக் கழற்ற மனம் வரவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஸ்விட்சின் உள்ளே போய்ப் பார்த்தேன்.

எல்லாம் நான் வைத்தது வைத்தபடியே இருந்தது. மானிட்டர் எண் இருக்க வேண்டிய போர்ட்டில் மானிட்டர் எண். பில் இருக்க வேண்டியதில் பில். கடைசிப் போர்ட் டிரங்காகவே இருந்தது. அதில் கேபிள் செருகியிருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்றும் ஸ்விட்ச் சொன்னது. எழுந்து பார்த்தால் பச்சை விளக்கு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

அந்தப் போர்ட்டின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டளையைப் போட்டிருக்கலாமே என்று உங்களில் ஒரு புத்திசாலி இப்போது முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. போட்டிருக்கலாம் கண்ணு. பச்சை விளக்கைப் பார்த்த பிறகு அந்தப் போர்ட்டைச் சந்தேகிக்கவே எனக்குத் தோன்றவில்லை. வேறு இடத்தில் தேடிக்கொண்டே போனேன்.

பழைய கட்டடத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சுமா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழைவிடக் கன்னடம் அவருக்குச் சரளம். போன் போட்டுக் கேட்டேன், செட்டிங் ஏதாவது மாற்றினீர்களா, புதிதாக ஏதாவது மாட்டினீர்களா என்று.

"ஏனூ சேஞ்ச் மாடில்லா மேடம், எதையும் மாத்தல. புதுசா ஒண்ணும் சேக்கல, ஒண்ணும் எடுக்கல. ஆனா ஒரு விசித்திரம். பில் கம்ப்யூட்டர்ல பில் வரல. சினிமாப் பாட்டு மட்டும் வருது. இத்தன நாளா பாட்டு வராது, நீங்கதானே நிறுத்தி வெச்சிருந்தீங்க?"

நான்தான் நிறுத்தியிருந்தேன். எனக்குத் தலை சுற்றியது. வர வேண்டியது வரவில்லை, வரக் கூடாதது வருகிறது. பில் போர்ட்டின் எண்ணை மறுபடி பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வைரஸா? மின்சாரம் ஏறி இறங்கியதில் ஸ்விட்சின் மூளை கலங்கிவிட்டதா? ஒன்றை நினைத்தால் அதற்கு எதிராக இன்னொன்று நின்றது. கேபிள் அறுந்தது என்றால் வைஃபை ஓடுகிறது. ஸ்விட்ச் கெட்டது என்றால் ஒன்றும் மூன்றும் தெரிகின்றன. செட்டிங் கலைந்தது என்றால் கண்ணெதிரே கலையாமல் இருக்கிறது.

அப்போதுதான் பெரிய டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரியின் சூப்பரின்டென்டென்ட். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பறப்பவர். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐது நிமிஷ சாகா?" என்றார். ஐந்து நிமிடம் போதுமா என்று.

எங்களுக்கு இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். நீங்களும் இதற்குள் கற்றுக்கொண்டிருப்பீர்கள். "அஞ்சு நிமிஷம் சார், ஆயிடும்." அது நேரத்தைக் குறிப்பதல்ல. என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள், நான் யோசிக்க வேண்டும் என்பதற்கு நாகரிகமான பெயர். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் எனக்கும் டாக்டருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லணும். அஞ்சு நிமிஷமா, இல்ல தெரியலையா? அஞ்சு நிமிஷம்னா நான் இங்கயே உக்காந்து வெயிட் பண்றேன். தெரியலன்னா அந்தப் பக்கம் மூணு ரூமுக்கும் ஆள் போடணும். ஆள் இல்ல. எங்கயாவது புடிக்கணும். அதுக்காகத்தான் கேக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்வதற்கென்ன, அந்த நேரத்தில் அந்தம்மாவைப் பிடிக்கவே இல்லை. இத்தனை பேர் முன்னால் என்னை மாட்டிவிடுகிறார் என்று தோன்றியது. என் வேலையே தெரிந்திருப்பதுதான். தெரியாது என்று சொன்னால் நான் எதற்கு? ஆனால் அவர் என்னை மட்டம் தட்டக் கேட்கவில்லை என்பதும் புரிந்தது. என் பதிலை வைத்து அவர் ஆட்களை நிறுத்தப் போகிறார். நான் மரியாதைக்குச் சொல்லும் பொய் அவர் கையில் கணக்காகிவிடும்.

"தெரியல சிஸ்டர்," என்றேன். "எப்ப சரியாகும்னும் தெரியல, என்ன கோளாறுன்னும் தெரியல."

சொன்னதும் காது வரை சூடாகிவிட்டது. சிஸ்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சரி, அப்ப வேலயப் பாக்கலாம்."

டாக்டர்தான் குதித்தார். பழையபடி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள், இந்தப் பிரிவினையே வேண்டாம், முன்பு நன்றாகத்தானே இருந்தது என்று கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். ஒளிக்காமல் சொல்கிறேன், அப்படிச் செய்திருந்தால் திரை அப்போதே வந்திருக்கும். பிற்பாடு யோசித்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது. அந்த நேரத்தில் நான் மாட்டேன் என்றதற்குக் காரணம் வேறு. எனக்கு ஒன்றுமே புரியாத நிலையில், வராந்தாவில் ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை போன்களையும் மானிட்டர்களோடு கலக்க பயமாக இருந்தது. அப்படியே திரை வந்தாலும், ஏன் வந்தது என்று தெரியாது. அதை நம்பி எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். மறுபடி போனால்? இன்றும் அந்த முடிவு சரியா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வாதம் முடியும்வரை ஸ்டெல்லா சிஸ்டர் காத்திருக்கவில்லை. கூட இருந்த நர்ஸை இரண்டாம் அறைக்கு அனுப்பினார். ஆயாவை நான்காம் அறைக்கும் லேப் டெக்னீஷியனை ஐந்தாம் அறைக்கும் இழுத்துக்கொண்டு போனார். "சத்தம் வந்தா எதையும் தொடாதீங்க, வெளிய வந்து கத்துங்க." பிறகு திரும்பி வந்து டாக்டரின் கையில் ஒரு ஸ்டூலைக் கொடுத்தார்.

"டாக்டர், நீங்க ஆறாம் ரூம். அதுதான் கடைசி. அங்க இருந்து யார் கத்தினாலும் எனக்குக் கேக்காது. நீங்கன்னா கத்தவே வேணாம்."

ஆஸ்பத்திரியின் சூப்பரின்டென்டென்ட் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடியே பாலத்தைக் கடந்து போனார். அவரிடம் யாராவது இப்படிச் சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை.

நானும் அவருக்குப் பின்னால் பழைய கட்டடத்துக்குப் போனேன். சுமாவின் அறையிலும் அதே சந்தனம், அதே மாலை, அதே வாரிய கேபிள்கள். சுமா ஒரு காகிதத்தட்டில் பொரிகடலையும் வாழைப்பழமும் நீட்டினார். நடந்து வந்த களைப்பு. வாங்கிக்கொண்டு ஸ்விட்சுக்கு எதிரே உட்கார்ந்தேன். தெரியாது என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் பெரிய மேதாவி மாதிரிக் கேள்வி கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தானோ என்னவோ அசட்டுக் கேள்வி ஒன்று வந்தது.

"சுமா, நேத்து காலைல நீங்க ஆபீசுக்கு வந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க? காபி குடிச்சதுகூட விடாம சொல்லுங்க."

"நேத்தா? நேத்து வேலையே இல்ல மேடம், பூஜைதான்." அவர் முகம் மலர்ந்தது. "ரெண்டு ஸ்விட்சையும் நான்தான் அலங்காரம் பண்ணேன். எவ்ளோ தூசி தெரியுமா? எல்லா வயரையும் கழட்டி, ஈரத்துணியால தொடச்சு, அந்த அழுக்கு ஸ்டிக்கரெல்லாம் பிச்சுப் போட்டு, கலர் கலரா கட்டி மறுபடி மாட்டினேன். மொதல்ல மஞ்சள். மங்களமில்லையா, அதான் ரெண்டு எடத்துலயும் மொதல் ஓட்டையில மஞ்சள். அப்புறம் நீலம், அப்புறம் வெள்ளை..."

கையில் இருந்த பொரி சிந்தியது. எழுந்து மாலையை ஒதுக்கினேன். இடது ஓரத்தில், முதல் போர்ட்டில், என் மஞ்சள் கேபிள். அந்தப் போர்ட் வைஃபைக்கு என்று எண் கொடுத்தது. பாலத்தின் அந்த முனையிலும் முதல் போர்ட், அங்கேயும் வைஃபை எண். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே வைஃபை மட்டும் ராஜநடை போட்டிருக்கிறது. மற்ற யாருக்கும் வழி இல்லை. பில் கம்ப்யூட்டர் வைஃபை போர்ட்டில் விழுந்து பாட்டுப் பாடியிருக்கிறது. கடைசிப் போர்ட்டில் பச்சை விளக்கோடு என்னை ஏமாற்றியது ஏதோ ஒரு டெலிபோன்; விளக்கைப் பார்த்த நான் கேபிளின் நிறத்தைப் பார்க்கவில்லை. நீலக் கேபிள்கள் மானிட்டர்களுடையவை. அவற்றில் சில மட்டும் அதிர்ஷ்டத்தால் சரியான எண்ணில் விழுந்திருக்கின்றன.

சுமா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. பூஜை செய்வதை யாராவது மாற்றம் என்பார்களா? நானே குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரோ இந்த ஸ்விட்சில் கை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லையே. வேறு ஊரிலிருந்து யாராவது வந்திருந்தால் மாலையைப் பார்த்ததுமே கேட்டிருப்பார்கள்.

கத்தத்தான் வந்தது. எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டுக்கு என்று நான் எழுதி ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தேன் என்று சொன்ன இடத்தில் என் வாய் திறந்தேவிட்டது. ஆனால் இனி எந்தக் கேபிள் எங்கே போயிற்று என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பயந்து வாயை மூடிக்கொண்டால் நான் தொலைந்தேன். "நீலம் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?" என்று மட்டும் கேட்டேன். அவர் விரல் வைத்துக் காட்டினார். மஞ்சளைப் பிடுங்கி, கடைசிப் போர்ட்டில் இருந்ததைக் கழற்றிவிட்டு அங்கே செருகினேன். நீலம் செருகியிருந்த போர்ட்டுகளின் எண்களை எல்லாம் மானிட்டர் எண்ணாக மாற்றினேன். நிறவாரியாக அடுக்கியிருந்ததால் அது நொடியில் முடிந்தது. அந்த அழகான வரிசையை நான் திட்டவும் முடியாமல் போயிற்று.

இனி மறுமுனை. லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆறாம் அறையைக் கடக்கும்போது உள்ளே மானிட்டர் அலறியது. டாக்டர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுவது கதவு வழியே தெரிந்தது. போனில் "ஸ்டெல்லா!" என்று ஒரு சொல். என் கால் அப்படியே நின்றுவிட்டது. கட்டிலில் ஒரு கை விரிந்து கிடந்தது, கண்ணாடி வளையல்களோடு. அங்கே நின்று நான் என்ன செய்வேன்? ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பிடிவாதமாகக் காலை எடுத்து வைத்தேன்.

நடைபாலத்தில் ஸ்டெல்லா சிஸ்டர் மருந்து டிரேயும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டியுமாக எதிரே ஓடி வந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என்னைத் தாண்டிப் போகும்போது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அந்தப் பக்கம் ஓடினார், நான் இந்தப் பக்கம்.

அலமாரியைத் திறந்து மாலையை அறுத்து வீசினேன். சாமி குற்றம் வந்தால் வரட்டும். மஞ்சள் கடைசிப் போர்ட்டுக்குப் போயிற்று. நீலங்களுக்கு எண் மாற்றினேன். அவசரத்தில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்துத் திருத்தினேன். நிமிர்ந்தபோது ஆளில்லாத மேஜையில் திரை மாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் அறை வந்தது. நாலு வந்தது. ஐந்து வந்தது. கடைசியாக ஆறு.

அந்தக் கோட்டை என்னால் மறக்க முடியவில்லை. கோடு என்று சொல்ல முடியாது, குழந்தை கிறுக்கியது மாதிரி இருந்தது. மேஜையில் மணி அலறத் தொடங்கியது. அதை எப்படி நிறுத்துவது என்றுகூட எனக்குத் தெரியாது. திரைக்கு முன்னால் தனியாக நின்று, பாலத்துக்கு அப்பால் ஒரு பெண்ணின் இதயம் என்ன பாடுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. அங்கே ஷாக் கொடுத்திருக்க வேண்டும், கிறுக்கல் ஒரு தரம் எகிறி, சற்று நேரம் ஒன்றுமே இல்லாமல் தட்டையாக ஓடியது. பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று. அப்புறம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக.

நான் டாக்டருக்கு அந்த வழக்கமான பதிலைச் சொல்லியிருந்தால் அது பெரிய பொய்யாகக்கூட இருந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் சரியாகத்தானே ஆயிற்று? ஆனால் திரை வருவதற்குள் பழனியம்மாவின் இதயம் தடுமாறிவிட்டது. அந்த நேரத்தில் பக்கத்தில் டாக்டர் இருந்தார். என் பதிலை நம்பி எல்லோரும் மேஜையிலேயே காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

சிஸ்டர் திரும்பி வந்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. நல்லவேளை, நம்பவில்லை. ஒவ்வோர் அறையாகப் போய் நோயாளியின் விரலில் மாட்டிய கிளிப்பைக் கழற்றச் சொல்லி, திரையில் அந்த அறைக்கு மட்டும் மணி அடிக்கிறதா என்று என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தார். ஆறும் ஒத்துப்போன பிறகுதான் ஆயாவையும் டெக்னீஷியனையும் விடுவித்தார்.

சுமா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "என்னாலதானா மேடம்?" என்றார். இல்லை என்றால் பொய். "நான் சரியாக் கேக்கல சுமா. சரியாக் கேட்டதும் நீங்க சொல்லிட்டீங்க," என்றேன். அவர் சொல்லியிராவிட்டால் நான் இன்னும் வைரஸைத் தேடிக்கொண்டிருப்பேன். அங்கே பூஜை இப்போதும் நடக்கிறது. கேபிளைக் கழற்றாமல் நடக்கிறது. நீங்களும் யாரிடமும் என்ன மாற்றினீர்கள் என்று கேட்காதீர்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள், முழுவதையும் சொல்ல விடுங்கள்.

கிளம்புமுன் ஆறாம் அறைக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. பழனியம்மா தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் விட்டுப்போன ஸ்டூலில் மாதப்பன் உட்கார்ந்திருந்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். கண்கள் மானிட்டரின் மேலேயே இருந்தன.

"இப்ப எல்லாஞ் சரியாயிருச்சுங்க," என்றேன். "அந்தப் பெரிய பொட்டியில நல்லாத் தெரியறாங்க. நீங்க போயி ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க."

அவர் திரும்பாமலே பதில் சொன்னார்.

"தெரியட்டுமுங்க. அவங்க அங்க பாக்கட்டும். நா இங்க பாத்துக்கறனுங்க."

வெளியே உட்கார வேண்டும் என்ற விதியை நான் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. ஸ்டூலில் முதுகு சாய்க்க முடியாதே என்று வராந்தாவிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்தேன்.